வேட்டை நின்ற மலையில் நடப்பவர்கள்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன், அமெரிக்காவிலிருந்து சரக்குப் பார்க்க வந்திருந்த ஒரு கனவானைப் பற்றிச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்ன செய்தி மனத்தைவிட்டு இன்னும் நீங்காமல் உறுத்திக்கொண்டே இருப்பதால், வேறு விஷயம் எழுதுவதாக உங்களுக்குச் சொல்லியிருந்ததை ஒத்திவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

"மாமா, அவர் ஜன்னல் வழியா மலையப் பாத்துட்டு, அங்க வேட்டைக்கு லைசென்ஸ் எங்க வாங்கணும்னு கேக்கறார். என்ன சொல்றது?"

கிடையாது என்று சொல்லிவிடு என்றேன். அதுதான் சரியான பதில். ஆனால் ஒரு வார்த்தையில் முடிகிற சமாசாரம் அல்ல இது.

அந்தக் கனவான் கேட்டதில் குற்றம் ஏதுமில்லை. அவருடைய தேசத்தில் சர்க்காருக்குச் சொந்தமான வனங்களும் சதுப்பு நிலங்களும் ஏராளம். அவற்றில் பலவற்றில், இன்ன மாதத்தில் இன்ன பட்சியை இத்தனை மட்டும் சுடலாம் என்று பருவமும் அளவும் வகுத்துவிட்டு, நடக்க வருகிறவர்களும் பட்சி பார்க்க வருகிறவர்களும் அதே நிலத்தில் உலவும்படி விட்டிருக்கிறார்கள். 1934-ஆம் வருஷத்திலிருந்து, பதினாறு வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முத்திரை வாங்கியாக வேண்டும். அதில் சேரும் பணம் நீர்நிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. 1937-இல் துப்பாக்கிகள், தோட்டாக்களின் மேல் வசூலாகும் வரியையும் வனவிலங்குகளின் க்ஷேமத்துக்கென்றே ஒதுக்கினார்கள். சுடுகிறவர் கொடுக்கும் பணத்தினாலேயே சுடப்படும் இனம் தழைக்கிறது என்னும் இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அந்த நாட்டு ஏரிகளுக்கு அது நன்மை செய்திருக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை.

ஆனால் நம் ஜவ்வாது மலைக்கு அது ஒவ்வாது. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய வட ஆற்காடு ஜில்லாவில் வேட்டை என்பது இரண்டு வகை மனிதருடைய காரியமாக இருந்தது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியும் கூடாரமும் சமையற்காரரும் புடைசூழ வந்து இறங்கிய துரைமாரும் ஜமீன்தார்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் ஒரு வகை. மலைச் சரிவில் சுருக்கு வைத்தும், கூண்டில் அடைத்த பார்வைக் கவுதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கவுதாரிகளைக் கண்ணிக்கு வரவழைத்தும், அன்றன்றைய வயிற்றுக்கு வழி தேடிய ஏழைகள் இன்னொரு வகை. முன்னவர் கொன்றதைப் பற்றிப் புத்தகங்கள் எழுந்தன. பின்னவர் பிடிபட்டால் வழக்கு எழுந்தது. (பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர், நம் ஏலகிரி மலையில் ஆட்களைக் கொன்ற சிறுத்தை ஒன்றைத் தேடி அலைந்த விருத்தாந்தத்தை எழுதி வைத்திருக்கிறார். வாலிபப் பிராயத்தில் அவர் கதைகளை நான் ராத்திரி முழுவதும் கண் விழித்துப் படித்தவன். இன்றும் அவற்றின்மேல் பிரியம் உண்டு.)

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அருகிப்போன மிருகங்களைக் காத்தது என்றாலும், சில வகைகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாடுவதற்கு அதில் அப்போதும் இடம் இருந்தது. 1991-இல் செய்த திருத்தம்தான் அந்த வாயிலையும் அடைத்தது. அந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் உவப்பான அம்சம், துப்பாக்கிக்காரரையும் சுருக்குக்காரரையும் அது ஒரே தராசில் நிறுத்தியது என்பதே. நாளைக்கு நாம் அமெரிக்க வழக்கத்தைப் பார்த்து மறுபடியும் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டணம் செலுத்தத் திராணியுள்ளவர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து இறங்குவார், மலையாளி (ஜவ்வாதிலும் ஏலகிரியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் மலைவாசிகளைச் சொல்கிறேன், கேரளத்தாரை அல்ல) அவருக்குப் பை சுமப்பார். பை சுமந்தவர் மறுநாள் தன் வயிற்றுக்காக ஒரு முயலைப் பிடித்தால் சிறைக்குப் போவார். பழைய அநியாயம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். ஆகையால் துப்பாக்கி வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, வேட்டை நின்றதோடு வேறொன்றும் நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அது, காட்டைப் படிக்கத் தெரிந்த கண்.

அதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு பெரியவர், வனத்துறையின் அனுமதியோடு நாங்கள் சிலர் நடக்கப் போன சமயம் வழிகாட்டியாகக் கூட வந்தார். நான் வழக்கம்போல் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரத்து உச்சிகளைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"சார், மேல எதுக்குப் பாக்கறீங்க? கீழ பாருங்க."

கீழே, பாதையோரத்துப் புழுதியில், சோற்றுக் கிண்ணம் அளவுக்கு ஒரு குழிவு. விளிம்பில் மெல்லிய வரிகளோடு ஒரு சின்ன இறகு. கவுதாரி காலையில் மண் குளித்துவிட்டுப் போயிருக்கிறது என்றார். குழியின் உள்மண் இன்னும் தளர்ந்திருப்பதைக் காட்டி, வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்தது என்றார். குழிகள் அடுத்தடுத்து இருப்பதைக் காட்டி, ஜோடியாக வந்தது என்றார். இன்னும் கொஞ்ச தூரத்தில், கறுத்த சாணம் ஒன்றைக் குச்சியால் கிளறி, அதற்குள்ளிருந்து வழவழப்பான தட்டை விதைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சரக்கொன்றை விதை. கரடி கொன்றைக் காயைத் தின்றுவிட்டு இந்த வழியாக இறங்கியிருக்கிறது. அந்த விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அதுவரை வெறும் புதராகத் தெரிந்த அந்தச் சரிவு முழுவதும், யார் யாரோ நடமாடிவிட்டுச் சற்று முன்புதான் வெளியே போயிருக்கும் வீடாக எனக்குத் தோன்றியது.

"இதெல்லாம் எப்படி ஐயா தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்கப்பாரு கண்ணி வைப்பாரு. கூடவே போவேன்" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கண்ணி வைக்கத் தெரியாது, அது நல்லதே. புழுதியில் கிடக்கும் குழியைப் பார்த்தால் கவுதாரி என்றும் அவனுக்குத் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேட்டைக்காரரின் வித்தையை, கொலையைக் கழித்துவிட்டு, வேறு பிரயோஜனத்துக்குத் திருப்ப முடியாதா என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பிரத்தியட்சமான உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புகளைப் பிடித்துத் தோல் வியாபாரிகளிடம் விற்றுப் பிழைத்தார்கள். அந்த வியாபாரம் சட்டத்தால் நின்றபோது அவர்கள் கதியற்றுப் போயிருக்க வேண்டும். ஆனால் 1978-இல் பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. மண்ணில் கிடக்கும் கீறலைப் பார்த்துப் பாம்பின் வளையைக் கண்டுபிடிக்கும் அதே கண், அதே கை, இன்று பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறது. அந்த நஞ்சிலிருந்து தயாராகும் மருந்து பாம்பு கடித்த மனிதரைப் பிழைக்க வைக்கிறது. பாம்புத் தோலுக்காக வளர்ந்த வித்தை இப்படித் திரும்பியிருக்கிறது என்றால், கவுதாரிக் கண்ணிக்காக வளர்ந்த வித்தை பட்சி பார்ப்பவர்களுக்கு வழிகாட்டத் திரும்பக் கூடாதா?

தோல் என்றதும் நினைவு வருகிறது. சற்று வழி விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் இந்தக் காட்டுக்குப் பட்ட கடன் சாமானியமானதல்ல. குரோமியம் உப்பு வந்து சேர்வதற்கு முன்னால் இந்தப் பிரதேசத்தில் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையில், கொன்றைப் பட்டையில், கடுக்காயில். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறிய தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும் ஆதலால், கடைசியில் அதைக் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்கள். கரடி தின்னும் கொன்றையும், தோலுக்குப் பட்டை கொடுத்த கொன்றையும் ஒரே மரந்தான். பிறகு நம் ஊர்கள் பாலாற்றுக்குச் செய்தது என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள்; தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வந்த ஆய்வை, 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொல்லியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியாவெங்கும் வக்கீல்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுவது நம் வேலூரின் பெயரால் வழங்கும் அந்தத் தீர்ப்பைத்தான். ஆறு கெட்டுப்போன ஊர்க்காரர்களாகிய நமக்கு மலை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கரிசனத்தோடு எழுதுகிறேன்.

சரி, நடக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாதின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-இல் திறந்த உயிரியல் பூங்கா அங்கே இருக்கிறது, 25 ஹெக்டேர். பெரும்பாலோர் புள்ளிமானையும் முதலையையும் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூண்டுக்கு வெளியே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை. ஓடையோரத்து நிழலில் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றால், வெள்ளை ரிப்பன் போன்ற வாலை இழுத்துக்கொண்டு வேதிவால் குருவி கிளைக்குக் கிளை தாவுவதைப் பார்க்கலாம். குளிர் மாதங்களில் ஆறுமணிக் குருவி வடக்கேயிருந்து வந்து சருகுகளுக்கிடையில் தத்திக்கொண்டிருக்கும். பச்சை, நீலம், மஞ்சள் கலந்த பழுப்பு, அடிவயிற்றில் செக்கச் சிவப்பு என்று இத்தனை வர்ணத்தைப் பூசிக்கொண்டும் அது சருகோடு சருகாக மறைந்து நிற்கிற சாமர்த்தியம் ஆச்சரியமானது. விடியலிலும் அந்தியிலும் அது குரல் கொடுக்கும். மற்ற நேரத்தில் அது புரட்டும் சருகின் சலசலப்புத்தான் துப்பு.

பத்து மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியை ஒரு சிநேகிதரிடம் இரவல் வாங்கிச் சில நாள் உபயோகித்துப் பார்த்தேன். பட்சி பெரிதாகத் தெரிகிறது, வாஸ்தவம்; கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகிவிடுவதால் சின்னப் பட்சிகளைக் கண்ணில் பிடித்து நிறுத்த முடிவதில்லை. 8×42 என்று போட்டிருப்பதே நம் புதர்க்காட்டுக்குப் போதும். உடுப்பு மண் நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். நடப்பதைக் காட்டிலும் உட்காருவதில் பலன் அதிகம் என்பதையும் பல காலைகள் இரண்டையும் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல பாறையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால், முதலில் தவிட்டுக்குருவிகள் சண்டையிட்டுக்கொண்டே வரும். அவற்றைப் பின்தொடர்ந்து கரிச்சான் வரும். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வெளிப்படும்.

பாறை என்றால் இன்னொன்று. கற்பாறைகளும் புதரும் கலந்த சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பட்சி அது. 1845-இல் ஜெர்டன் என்னும் வைத்தியர் அதைச் சாஸ்திர உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று அழிவை நோக்கி நகரும் இனங்களின் வரிசையில் அது இருக்கிறது. குன்றைக் குடைந்து கல் எடுக்கும் ஒவ்வொரு குவாரியும் அதன் வீட்டைத்தான் லாரியில் ஏற்றுகிறது.

இனி எனக்குக் கோபம் மூட்டுகிற விஷயம்.

பாட்டுப் பெட்டி! புளூடூத் ஸ்பீக்கரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அருவிக்கு நடக்கிறார்கள். உடைந்த சீசாக்கள் பாதையில் கிடக்கின்றன. மான் குளம்புக்கும் மலைப் பிள்ளைகளின் வெறுங்காலுக்கும் அந்தக் கண்ணாடி ஒன்றுதான். ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள், அரசர்கள் என்று தமிழ்ப் பெயர்களாக வைத்திருக்கிறோம். அந்தப் பெயர்ப்பலகைகளின் காலடியிலேயே சிப்ஸ் பொட்டலங்களையும் வீசுகிறோம். பட்சி பார்க்க வருகிறவர்களிலும் சிலர், கைபேசியில் பதிவு செய்த கூவலை ஒலிக்கவிட்டு, போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதென்று பதறி ஓடிவரும் பட்சியைப் படம் எடுக்கிறார்கள். கூண்டில் அடைத்த பார்வைக் கவுதாரி செய்த வேலையும் இதுதானே? தயவுசெய்து, கூடு கட்டும் பருவத்திலாவது அதைச் செய்யாதீர்கள்.

வேட்டை அடியோடு நின்றுவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் நிலக்கடலையும் கிழங்கும் போட்டவர்கள் காட்டுப்பன்றியால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ராத்திரியில் ஒரு போகம் போய்விடுகிறது. ஆத்திரத்தில் சிலர் அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்த வெடி) வைக்கிறார்கள், கம்பியில் கரண்டு கொடுக்கிறார்கள். அவுட்டுக்காயைப் பன்றி மட்டுமா கடிக்கிறது? மேயப் போன மாடு கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகளில் ஆந்திர எல்லையைக் கடந்து யானைகளும் வந்து போகின்றன. எல்லைக்கு அப்பால் அவற்றுக்காகவே 1990-இல் அமைத்த கவுண்டின்யா சரணாலயம் இருக்கிறது. கம்பியில் ஓடும் கரண்டு யானை, பன்றி, மனிதன் என்று பேதம் பார்ப்பதில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வரம்பு கட்டியது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுவதில்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டுக்குள் விடுவது; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையாரே சுடுவது. விவசாயியின் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமல் பொறுப்பைச் சர்க்கார் தன் தலையில் ஏற்றுக்கொண்டது நியாயம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் காட்டுக்கு ஒட்டிய 1 கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலான மலையடிவார ஏழைகளின் கொல்லை இருக்கிறது. அவர்களுக்கு நஷ்டஈடு தாமதமின்றிப் போய்ச் சேராவிட்டால் அவுட்டுக்காய் ஓயாது.

நடப்பதற்கு அனுமதி பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் மாண்ட கோரத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலைப்பாதைகளை முன்பதிவு முறையில் திறந்து, மலைவாசி இளைஞர்களுக்கே பயிற்சி தந்து வழிகாட்டிகளாக நியமித்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: வழிகாட்டும் இளைஞருக்குப் பாதையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, அவருடைய தாத்தாவையும் நாலு நாள் கூலி கொடுத்துக் கூட அனுப்புங்கள். மண்குளித்த குழியும் கரடிச் சாணமும் பாடத்திட்டத்தில் இல்லை. பெரியவர்கள் இருக்கும்போதே கைமாறினால்தான் உண்டு.

நடப்பவர்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. வழிகாட்டியை முன்னால் விரட்டாமல் அவர் நிற்கும் இடத்தில் நின்று, என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் சொல்வதற்கு ஒருவர் கற்பார்.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஏரி இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கும் வருஷத்தில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நத்தைக்குத்தி நாரையும் புள்ளிமூக்கு வாத்துமாகக் கரையே கலகலக்கும். (ஏரிப் பட்சிகளைக் காப்பது நமக்குப் புதிதல்ல. வேடந்தாங்கல் கிராமத்தார், சிப்பாய்கள் பட்சிகளைச் சுடுவதைப் பொறாமல், 1798-லேயே கலெக்டர் லயனெல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.)

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பட்சிக் கணக்கெடுப்பு ஒன்று 2015-லிருந்து நடந்துவருகிறது. எந்த ஊர் ஏரிக்கரையிலும், ஏன், உங்கள் வீட்டு மாடியிலும் 15 நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட பட்சிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து ஈபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து இன்னும் பலர் சேர வேண்டும் என்பது என் ஆசை. வருகிற பொங்கலுக்குக் காவேரிப்பாக்கத்துக் கரைக்கு என் தமக்கை மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கூட வர விரும்புகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே கரைக்கு வந்துவிடுங்கள்.